குதிரை லாடமும் பச்சைக் கோடும்

காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற வீட்டுவண்டியான கேரவனை முதல் தடவை வாங்கப் போகிறவர்கள் செய்யும் பெரிய தப்பு, வெட்கப்படுவதுதான் என்பாள் நோரீன் காவுட். யாரோ ஒருவருடைய வண்டிக்குள் ஏறுகிறார்கள். மெத்தையை விரல்நுனியால் தொட்டுப் பார்க்கிறார்கள். "ரொம்ப அழகா வச்சிருக்கீங்க" என்று சொல்லி, கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் பேரம் கூடப் பேசாமல் காரில் மாட்டி இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அப்புறம் வேல்ஸ் மலையடிவாரத்தில் மழை கொட்டும்போதுதான், காலை நீட்டினால் பாதம் அடுப்பில் இடிக்கிறது என்பது தெரிகிறது.

நோரீனுக்கு வெட்கம் கிடையாது. இங்கிலாந்தின் ஹல் துறைமுக நகரத்து மீன் ஆலையில், கழுத்து வரை ரப்பர் அங்கி மாட்டி, கத்தியும் கையுமாகப் பாதி ஆயுளைக் கழித்தவள். ஆலையை மூடியபோது கைக்கு வந்த தொகை ஒரு கேரவனுக்குத்தான் போதும். தப்பான வண்டியை வாங்கிவிட்டால் இன்னொன்று இந்த ஆயுசில் கிடையாது. அவளுக்கு வேண்டியதும் ஒன்றுதான்: ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்குப் போக வேண்டும். இத்தனை வருஷம் மீனை வெட்டியவள், மீன் நீந்துகிற கடலை ஒருநாள் கூட நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்ததில்லை.

ஆகவே நூலகத்தில் இருந்த கேரவன் பத்திரிகைகளை ஒன்று விடாமல் படித்தாள். சாமான் நிரப்பிய கேரவனின் எடை, இழுக்கிற காரின் எடையில் நூற்றுக்கு எண்பத்தைந்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் நாய் வாலை ஆட்டாது, வால்தான் நாயை ஆட்டும் என்று கணவன் வில்ஃபுக்கு விளக்கினாள். டயர் பளபளவென்று இருந்தால் நம்பக்கூடாது, பக்கவாட்டில் பொறித்திருக்கும், அது பிறந்த வருஷத்தைப் படிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கோ ஒரு சின்னத் துளை வழியாகத் தண்ணீர் சுவருக்குள் இறங்கிவிட்டால், உள்ளே இருக்கும் மரச்சட்டம் பழங்கஞ்சியாகிவிடும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. அதற்காகவே தம்பி மகனிடமிருந்து, சுவரில் வைத்தால் ஈரத்துக்குக் கத்துகிற கையடக்கக் கருவி ஒன்றை இரவல் வாங்கி வைத்திருந்தாள்.

வில்ஃப், மீன்பிடிக் கப்பல்காரர்கள் குடியிருக்கும் ஹெஸல் ரோட்டுக்காரன். இளவயதில் மீன்பிடிக் கப்பலில் போனவன். கரையேறி எத்தனையோ வருஷம் ஆகியும் கப்பல்காரனுடைய பயங்கள் மட்டும் கரையேறவில்லை. வீட்டுக்குள் விசில் அடித்தால் புயல் வரும். பன்றியைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. கறிக்கடையில் கூட "அந்தச் சுருட்டைவால்காரன்ல கால் கிலோ" என்றுதான் கேட்பான். பச்சை நிறம் ஆகவே ஆகாது.

பாட்ரிங்டன் பக்கத்துப் பண்ணையில் அவர்கள் பார்த்த முதல் கேரவனின் இடுப்பைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பச்சைக் கோடு ஓடியது.

வில்ஃப் வாசலிலேயே நின்றுவிட்டான். நோரீன் காலணியைக் கழற்றிவிட்டு ஏறினாள். கட்டிலில் மல்லாந்து படுத்தாள், குப்புறப் படுத்தாள், கைகாலைப் பரப்பிப் படுத்தாள். இல்லாத கெட்டிலை எடுத்து இல்லாத தேநீரை ஊற்றினாள். கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"கதவு மூடுதா?" என்று வில்ஃப் வெளியிலிருந்து தணிந்த குரலில் கேட்டான்.

"மூடுது. முழங்கால் இடிக்கல. நீயும் வந்து உக்காந்து பாரு."

"அய்யோ, பண்ணைக்காரம்மா பாத்துக்கிட்டு நிக்குது நோரீன்."

"சரி, ஸ்காட்லாந்துல ரெண்டு வாரமும் அடக்கிக்க."

பண்ணைக்காரி ஜேனட் வாய்விட்டுச் சிரித்தாள். "உக்காருங்க கண்ணு, எங்க வீட்டுக்காரர் அதுல உக்காந்து பேப்பரே படிப்பாரு."

கருவி எந்த மூலையிலும் கத்தவில்லை. டயர் புதிது. எடை அவர்களுடைய பழைய காருக்கு அளந்து செய்ததுபோல இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் செதுக்கியிருந்த வண்டி எண்ணும் காகிதத்தில் இருந்த எண்ணும் ஒன்று, திருட்டு வண்டி இல்லை.

"இவ்வளவு நல்ல வண்டி ஏங்க இன்னும் விக்காம நிக்குது?" என்று நோரீன் கேட்டாள்.

ஜேனட் கோட்டைக் காட்டினாள். "உங்க ஊர் ஆளுங்கதான் வர்றாங்க. உள்ள வந்து பாக்குறதுக்கு முன்னாடியே, பச்சைன்னு திரும்பிடுறாங்க. நான் என்ன பண்ண?"

காருக்குள் ஏறியதும் வில்ஃப் சொன்னான்: "பச்சை, நோரீன்."

"எனக்கும் கண்ணு தெரியுது."

"என் கையால இழுக்க மாட்டேன். அவ்வளவுதான்."

மறுவாரம் ஹெடனில் கோர்டன் பிண்டர் என்பவர் வீட்டுக்குப் போனார்கள். கேரவன் முழுக்க வெள்ளை, பால் மாதிரி. கதவுக்கு மேலே அதிர்ஷ்டத்துக்காக நிஜமான குதிரை லாடம் ஒன்றை இரண்டு பெரிய திருகாணி போட்டு முடுக்கியிருந்தார் பிண்டர். வில்ஃபுக்கு அப்போதே முகம் மலர்ந்துவிட்டது. தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை.

"அது மாட்டுனதுலேர்ந்து ஒரு பஞ்சர் கிடையாதுங்க" என்றார் பிண்டர் பெருமையாக. "பிரான்ஸ் வரைக்கும் போயிட்டு வந்திருக்கு."

"பாத்தியா?" என்றான் வில்ஃப்.

"டயரைப் பாத்தேன். அது புதுசு, அதனால பஞ்சர் இல்ல" என்றாள் நோரீன்.

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு பதில் வச்சிருப்பா இவ" என்று வில்ஃப் பிண்டரிடம் சொன்னான். "எங்க மாமியார் இவள மாதிரி இருந்திருந்தா..."

சொன்னவன் நிறுத்திக்கொண்டான். நோரீன் திரும்பவில்லை.

அவள் அம்மாவுக்கு அது நடந்தபோது நோரீனுக்கு எட்டு வயது. மணல்வாரி அம்மை போட்டு, ராத்திரியெல்லாம் வாந்தி எடுத்துப் படுக்கையை நனைத்துவிட்டாள். விடிந்ததும் அவள் அம்மா படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடியில் போட்டாள். அன்று காலைதான் அப்பா கப்பல் ஏறினார். கப்பல் புறப்படுகிற அன்று துணி துவைத்தால் கணவனைக் கடலோடு அலசிவிட்டதாக அர்த்தம் என்பது அந்தத் தெருவின் சட்டம். ஐஸ்லாந்துக்கு வடக்கே பனி உறைந்து பாரம் தாங்காமல் கப்பல் கவிழ்ந்தது. உதவி கேட்டுக் கூப்பிட அதில் ரேடியோக்காரன் கிடையாது. ஒரு சம்பளம் மிச்சம் என்று கப்பல் முதலாளி ஆள் வைக்கவில்லை. அந்த முதலாளியைத் தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. விரிப்பு துவைத்தவளைத்தான் கேட்டார்கள். கடைக்குப் போனால் வரிசை விலகியது. இன்னும் கொடுமை, அம்மாவும் அதை நம்பினாள். சாகும்வரை நம்பினாள். பயத்துக்கு எப்போதும் ஒரு பெண்ணின் கழுத்து தேவைப்படுகிறது. முதலாளியின் கழுத்து அதற்கு எட்டுவதே இல்லை.

நோரீன் வண்டிக்குள் ஏறினாள். ரோஜா வாசனை மூக்கை அடைத்தது. ஜன்னலோரம், சமையல் மேடை, கட்டில் தலைமாடு என்று எங்கே பார்த்தாலும் வாசனை மெழுகுவத்தி.

"உங்க வீட்டம்மாவுக்கு ரோஜான்னா உசுரோ?" என்று கேட்டாள்.

"அது... கொஞ்சம் பூட்டியே கிடந்துச்சு பாருங்க" என்றார் பிண்டர்.

கட்டிலில் படுத்தாள், குறையில்லை. கழிப்பறையில் உட்கார்ந்தாள், குறையில்லை. கருவியை எடுத்துச் சுவர் சுவராக வைத்துக்கொண்டு வந்தாள். சத்தமில்லை. பிண்டரும் வில்ஃபும் ஒரே மாதிரி புன்னகைத்தார்கள். கதவுக்கு மேலே வைத்தாள். கருவி பூனை வாலை மிதித்ததுபோல அலறியது.

கீழே நகர்த்தினாள், அலறியது. கதவின் ஓரமாகத் தரை வரைக்கும் விடாமல் அலறியது. கட்டைவிரலால் அழுத்தினாள். சுவர் ரொட்டி மாதிரி உள்ளே போனது.

"கருவி கெட்டுப்போயிருக்கும்" என்றார் பிண்டர்.

"கட்டைவிரலுமா கெட்டுப்போச்சு?" என்றாள் நோரீன். "வெளியில இந்த இடத்துல என்ன இருக்கு வில்ஃப்?"

வில்ஃப் கீழே இறங்கினான். வெளியே போய் லாடத்தை அண்ணாந்து பார்த்தான். இப்போது பார்த்தது தெருவில் பயந்து வளர்ந்த பையன் அல்ல. கப்பலில் எந்த ஆணி வழியாகத் தண்ணீர் ஒழுகும் என்று பார்த்துப் பழகிய ஆள். திருகாணியின் தலைக்குக் கீழே மெல்லிய பழுப்புக் கோடு ஒன்று இறங்கியிருந்தது. அவன் காரிலிருந்து திருப்புளியை எடுத்து வந்தான்.

"அதக் கழட்டாதீங்க!" என்று பிண்டர் பதறினார். "கழட்டுனா அதிர்ஷ்டம் போயிடும்."

"அதுக்கு முன்னாடியே மரம் போயிடுச்சுங்க" என்றான் வில்ஃப்.

முதல் திருகாணி நாலு சுற்றிலேயே வழுக்கிக்கொண்டு வந்தது. அதன் பின்னாலேயே ஒரு வாய்த் தண்ணீர், ஆறிப்போன தேநீர் நிறத்தில், அவன் சட்டைக் கைக்குள் ஓடியது.

"நீங்களே ஓட்டை போட்டு மழையை உள்ள கூப்பிட்டிருக்கீங்க" என்று நோரீன் சொன்னாள். குரலில் கேலி இல்லை. "ஒரு சொட்டு பசை வச்சு அடைச்சிருந்தாக்கூட வண்டி தப்பிச்சிருக்கும்."

பிண்டர் லாடத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். "எங்க வீட்டம்மாதாங்க மாட்டச் சொன்னா" என்று ஆரம்பித்தார். நோரீன் பார்த்த பார்வையில், "திருகாணி நான்தான் போட்டேன்" என்று முடித்தார்.

திரும்பி வரும்போது வில்ஃப்தான் கார் ஓட்டினான். பாட்ரிங்டன் சாலை பிரிகிற இடம் வந்ததும், கேட்காமலேயே காரைத் திருப்பினான்.

"பச்சையாச்சே" என்றாள் நோரீன்.

"இருக்கட்டும். புல்லு மேல நிறுத்துனா தெரியாது."

ஸ்காட்லாந்துக்குப் புறப்படுகிற நாள் காலையில் வில்ஃப் பச்சைக்கோட்டுக் கேரவனைக் காரில் மாட்டி, கொக்கி சரியாக விழுந்ததா என்று ஆட்டிப் பார்த்து, விளக்குகளை எரியவிட்டுச் சோதித்துவிட்டு வீட்டுக்குள் வந்தான். கொல்லைக் கதவு திறந்திருந்தது. நோரீன் கொடியில் படுக்கை விரிப்பு உலர்த்திக்கொண்டிருந்தாள். துவைத்தது, நனைந்தது, பெரியது. தெருவுக்கே தெரிகிற மாதிரி நடுக்கொடியில்.

வில்ஃப் வாயைத் திறந்தான். பக்கத்து வீட்டு மாடி ஜன்னலில் திரைச்சீலை அசைந்தது.

நோரீன் கிளிப்பை வாயில் கவ்வியபடி அவனைப் பார்த்தாள். என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்கிற பார்வை. கைகள் மட்டும் விரிப்பின் ஓரத்தை விடாமல் பிடித்திருந்தன.

அவன் ஈரத்துணி வாளியை எட்டிப் பார்த்தான். உள்ளே இரண்டு தலையணை உறைகள் மிச்சம் இருந்தன. குனிந்து ஒன்றை எடுத்து, உதறி, கொடியில் போட்டான்.

"கிளிப்பைக் குடு" என்றான். "காத்து மேற்கேயிருந்து அடிக்குது. மழை வர்றதுக்குள்ள கிளம்பணும்."