எண்ணூருக்கு வடக்கே ஓங்கில்கள்

பன்னிரண்டு வருடமாக நான் வேலை செய்வது ஒரு கண்ணாடித் தரையின் மேல். துறைமுகத்தில் கப்பலிலிருந்து சரக்குப் பெட்டி இறக்கும் கிரேனை ஓட்டுகிறேன். பத்து மாடி உயரத்தில் ஒரு சின்ன அறை, அதற்குக் கண்ணாடியில் தரை. இரண்டு கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்துக்கொண்டே பெட்டியைத் தூக்க வேண்டும், வைக்க வேண்டும். கீழே கப்பல், லாரி, தொப்பி போட்ட ஆட்கள், மிச்ச இடத்தில் தண்ணீர். அந்தத் தண்ணீரில் பார்க்க ஒன்றும் இருக்காது. எண்ணெய்ப் படலம், தெர்மாக்கோல் துண்டு, எப்போதாவது ஒரு ஒற்றைச் செருப்பு.

போன வருடம் தை மாதத்தில் ஒரு காலை. கப்பல் இன்னும் கரையணையவில்லை. சும்மா இருந்த நேரத்தில் நிமிர்ந்து, கழுத்தைத் தேய்த்துக்கொண்டே அலைத்தடுப்புச் சுவருக்கு அப்பால் பார்த்தேன். கடல் அசையாமல் கிடந்தது. அதன்மேல் ஏழெட்டுக் கறுப்புக் கோடுகள் வடக்கே நகர்ந்துகொண்டிருந்தன. மரக்கட்டை என்று நினைத்தேன். மரக்கட்டை முங்கி எழாது. இவை வரிசையாக முங்கின, வரிசையாக எழுந்தன. திடீரென்று ஒன்று தன் முழு உடம்பையும் வெளியே தூக்கிப் போட்டது. அந்த உயரத்திலிருந்து பார்க்க ஒரு விரல் அளவுதான். ஆனால் விழுந்த இடத்தில் தண்ணீர் வெள்ளையாக உடைந்தது நன்றாகத் தெரிந்தது. "அய்யய்யோ!" என்று கத்திவிட்டேன். வாக்கிடாக்கியின் பொத்தானில் விரல் இருந்ததை நான் கவனிக்கவில்லை. கீழே இருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டுவிட்டது.

"மாமு, இன்னா ஆச்சு? கம்பி கிம்பி அறுந்துச்சா?" சிக்னல் காட்டுகிறவர் பதறிப்போய்க் கேட்டார்.

"இல்லபா. டால்பின்! சுவத்துக்கு அந்தாண்ட போவுது!"

வாக்கிடாக்கியில் நாலைந்து பேர் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் எனக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் ஆறு மாதம் ஓடியது. கீழே நின்றவர்களுக்குச் சுவர்தான் தெரியும். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இரண்டாவது மாடி எங்கள் வீடு. மகள் கோயம்புத்தூரில் வேலைக்குப் போனபிறகு நாங்கள் இரண்டு பேர்தான். மனைவி பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். தையல் மிஷினிலிருந்து காலை எடுக்காமலே கேட்டாள். "பாத்தியா? சரி. கை கழுவிகினு வா, சோறு ஆறுது."

அதன்பிறகு தினமும் பார்த்தேன். மூன்று மாதம் ஒன்றும் வரவில்லை. அந்த ஒரு தடவை பார்த்தது என்னை விடவும் இல்லை. விரல் அளவுக்குப் பார்த்ததை ஆள் அளவுக்குப் பார்க்க வேண்டும் என்று ஒரு வெறி.

கடைசியில் என்னை நம்பியவர் என் பழைய தோஸ்து, வண்ணாரப்பேட்டையில் கயிறும் வலை நூலும் விற்கிற பாய். கல்லாவில் உட்கார்ந்தபடி நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "இதுக்கா இவ்ளோ நாளு பேஜாரு பட்டுகினு கீற? எண்ணூருல படகு வச்சிருக்குற என் கஸ்டமரு ஒருத்தர் கீறாரு. அவரு டெய்லி பாக்குறாரு அதுங்கள" என்றார். அங்கேயே போன் போட்டார். எண்ணூர்க்காரர் சிரித்த சிரிப்பு போனுக்கு வெளியே எனக்குக் கேட்டது. டால்பினை அங்கே ஓங்கில் என்பார்கள். "ஓங்கிலா? அதப் பாக்க டிக்கெட்டு வாங்கியா வரப்போறாங்க? ஞாயித்துக்கெழம விடிகாலைல வரச் சொல்லு பாய். பழவேற்காட்டுப் பக்கமா போவலாம்."

மனைவியைக் கூப்பிட்டேன். முடியாது என்றாள். ஏன் என்று எனக்குத் தெரியும்.

அவள் பிறந்து வளர்ந்தது மணலிக்குப் பக்கத்தில் சடையங்குப்பம். மழைக்காலம் வந்தால் ஆறும் கால்வாயும் ஒன்றாகி வீட்டுக்குள் வந்துவிடுகிற ஊர். அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில், தங்கையை இன்னொரு கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட மாடிக்குப் போய் மூன்று நாள் உட்கார்ந்திருந்த கதையைக் கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். மெரினாவுக்குப் போனாலும் மணலில்தான் உட்காருவாள். எங்கள் மகள் அலையில் கால் நனைக்கும்போதுகூட, செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தே நிற்பாள்.

"தண்ணி நம்ம வூட்டுக்கு வந்ததே போதும். நாம வேற அது வூட்டுக்குப் போவணுமா? நீ போய்ட்டு வா" என்றாள்.

நான் வற்புறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பு எழுந்தபோது அடுப்படியில் விளக்கு எரிந்தது. எலுமிச்சை சாதம் கட்டி முடித்து, தலை வாரி, புடவைக்கு மேலே என்னுடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றாள்.

"இன்னாமே, கெளம்பிட்டியா?"

"நீ பாட்டுக்கு தண்ணில வுழுந்துட்டா நான் யாராண்ட போயி கேக்கறது? வண்டிய எடு."

எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் அந்த நேரத்திலேயே வரிசை கட்டி நின்றன. அவற்றின் இடுக்கில் பைக்கை ஓட்டிக்கொண்டு முகத்துவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பாய் எங்களுக்கு முன்பே வந்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் கையில் ஒரு பெரிய டிபன் கேரியருமாக, நிக்காவுக்குப் போகிறவரைப் போல நின்றிருந்தார். படகுக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். ஆரஞ்சு நிற மிதவை அங்கி மூன்றை எங்களிடம் நீட்டினார். மீன் வாடை குப்பென்று அடித்தது.

"அக்கா, நடுப்பலகைல குந்துங்க. ஆடுனா பயப்படாதீங்க. ஆடுற வரைக்கும் படகு நல்லாகீதுன்னு அர்த்தம்."

மனைவி ஒரு கையால் பலகையையும் இன்னொரு கையால் என் பெல்ட்டையும் பிடித்துக்கொண்டாள். முகத்துவாரத்தில் ஆறும் கடலும் முட்டுகிற இடத்தில் படகின் மூக்கு எழும்பி இறங்கியது. ஒவ்வொரு தடவையும் பெல்ட் என் வயிற்றை இறுக்கியது. மூன்றாவது அலையைத் தாண்டியதும் கடல் அமைதியாகிவிட்டது. இறுக்கம் தளர்ந்தது. அதே நேரத்தில் பாயின் முகம் வெளுத்தது.

"பாய், இன்னா ஆச்சு?"

"ஒண்ணியும் இல்ல மாமு. நாஷ்டா துன்னுட்டு வந்திருக்கக் கூடாது." அவ்வளவுதான் சொன்னார். பிறகு படகின் விளிம்பைக் கட்டிக்கொண்டவர், வெகுநேரம் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. மனைவி தன் பயத்தை மறந்து, கொண்டுவந்திருந்த ஒரு எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி அவர் மூக்கருகில் பிடித்தாள். "மோந்து பாருங்க பாய். தூரமா பாருங்க, கீழ பாக்காதீங்க." கடலில் முதல் தடவையாகக் கால் வைத்தவள் அவருக்குப் பாடம் நடத்தினாள்.

சூரியன் வந்தது. இடது பக்கம் கரை நகர்ந்துகொண்டிருந்தது. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், நிலக்கரி மேடு, துறைமுகங்கள், கிரேன்கள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கிரேனைக் கடலிலிருந்து அண்ணாந்து பார்த்தேன். அதன் உச்சியில் உட்கார்ந்திருக்கிற ஆள் கடுகளவுகூடத் தெரியவில்லை. "அங்கியா நீ குந்தினு கீற?" என்று மனைவி கேட்டாள். ஆமாம், இதே மாதிரி ஒன்றில்தான் என்றேன். அண்ணாந்து அதையே பார்த்தாள். "இத்தினி வருசமா சொல்லவேயில்லியே" என்றாள். சொல்லியிருக்கிறேன். ஆனால் அது சொன்னால் புரிகிற உயரமில்லை.

காட்டுப்பள்ளியைத் தாண்டியதும் எல்லாம் சட்டென்று முடிந்துவிட்டது. மணல், அதற்குப் பின்னால் சவுக்குத் தோப்பு, மறுபடியும் மணல். ஆள் நடமாட்டம் இல்லை. தூரத்தில் ஒற்றைக் கட்டுமரம். சென்னைக்கு இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு காலியான கரை இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. தண்ணீரின் நிறமும் மாறியிருந்தது. கலங்கல் போய்ப் பச்சையாகி, கையை விட்டால் விரல்கள் தெரிந்தன.

ஆனால் ஓங்கில் வரவில்லை. ஒரு மணி நேரம் போனோம், வந்தோம். படகுக்காரர் எழுந்து நின்று கையைக் கண்ணுக்கு மேலே வைத்துப் பார்த்தார். உட்கார்ந்தார். மறுபடியும் எழுந்தார். "நேத்துகூட இங்கதான் கும்பலா மேஞ்சுகினு இருந்துச்சு" என்றார். வெயில் ஏறியது. எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். பாயின் டிபன் கேரியரைத் திறக்க அவரே விடவில்லை. பிரியாணி வாசனை வந்தால் கடலில் குதித்துவிடுவேன் என்றார். எனக்கு எல்லோர் முகத்தையும் பார்க்கவே வெட்கமாக இருந்தது. கேன்டீனில் சிரித்தவர்கள் சொன்னதுதான் சரியோ, ஏதோ மரக்கட்டையைப் பார்த்துவிட்டு இத்தனை பேரை வெயிலில் போட்டு வாட்டுகிறேனோ என்று தோன்றியது. "திரும்பிடலாம்பா" என்றேன்.

படகுக்காரர் தெற்கே திருப்பினார். கொஞ்ச தூரம் வந்திருப்போம்.

"அது இன்னாது, டயரா?" என்றாள் மனைவி.

அவள் கை நீட்டிய பக்கம் கறுப்பாக வளைந்த ஏதோ ஒன்று தண்ணீருக்கு மேலே வந்து போனது. மணலிப் பக்கம் வளர்ந்தவளுக்குக் கறுப்பாக மிதப்பதெல்லாம் டயர்தான். பக்கத்திலேயே இன்னொன்று வந்தது. பிறகு மூன்று சேர்ந்தாற்போல.

"அக்கா! அதான்! அதேதான்!" படகுக்காரர் இன்ஜினை நிறுத்தினார். "யாரும் சத்தம் போடாதீங்க. சும்மா குந்துவோம்."

இன்ஜின் சத்தம் நின்றதும் முதலில் கேட்டது மூச்சு. பார்ப்பதற்கு முன்பே கேட்டது. சைக்கிள் டியூபில் காற்றுப் பிடுங்கினால் வருமே, அப்படி ஒரு சத்தம், நான்கு திசையிலும். பிறகு அவை வந்தன. பத்துப் பன்னிரண்டு இருக்கும். சாம்பல் நிறம், ஈயம் பூசின பாத்திரத்தின் உள்பக்கம் போல வழவழப்பு. ஒன்று படகுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் எழுந்தது. இன்னொன்று ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு கண்ணை மேலே காட்டியபடி மெதுவாகப் போனது. அந்தக் கண் எங்களைப் பார்த்தது. சந்தேகமே இல்லை, ஒவ்வொருவராகப் பார்த்தது.

மனைவி பெல்ட்டை எப்போது விட்டாள் என்று எனக்குத் தெரியாது. விளிம்பில் குனிந்து, முழங்கைவரை தண்ணீரில் விட்டிருந்தாள். அவள் கைக்கு ஒரு முழத் தூரத்தில் தாயும் குட்டியுமாக இரண்டு எழுந்தன. குட்டி தாயின் விலாவை ஒட்டியே இருந்தது. தாய் மூச்சு விட்டது. அந்தச் சாரல் அவள் முகம் முழுக்க அடித்தது.

"அய்யே, கருவாட்டு நாத்தம்!" என்று கத்தினாள். கத்திவிட்டுச் சிரித்தாள். முகத்தைத் துடைத்துக்கொள்ளாமல் சிரித்தாள். சத்தம் போடக் கூடாது என்று சொன்ன படகுக்காரரும் சிரித்துவிட்டார். அவை ஓடிவிடவில்லை. குட்டி ஒரு தடவை எழும்பிக் குதிக்கப் பார்த்தது. பாதி உடம்பு மட்டும் வெளியே வந்து வயிறு தட்டி விழுந்தது. மறுபடியும் முயன்றது. "அப்டித்தாண்டா ராஜா, இன்னொரு தபா!" என்று அவள் அதற்கு உற்சாகம் கொடுத்தாள்.

பாய் எழுந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை கசங்கி நனைந்து, கண்கள் சிவந்து இருந்தார். "மாமு, மெய்யாலுமே கீதுபா!" என்றார். அப்புறம் விளிம்பில் குனிந்து வாந்தி எடுத்தார். நிமிர்ந்து மறுபடியும், "மாஷா அல்லா, இன்னா ஷோக்கா கீது!" என்றார்.

"வலைய கிழிக்கும், மீன திருடும், எல்லாம் செய்யும்" என்றார் படகுக்காரர் தணிந்த குரலில். "ஆனா வலையில மாட்டுச்சின்னா வலைய அறுத்தாச்சும் வுட்டுடுவோம்ணா. எங்கப்பா காலத்துலேந்து அப்டித்தான்." தினமும் பார்க்கிறவர் அவர். ஆனாலும் எங்களைவிட அதிகமாகக் கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை. போனைக்கூட எடுக்கவில்லை. பத்து மாடி உயரத்திலிருந்து விரல் அளவாகப் பார்த்தது, என்னைவிடப் பெரிய உடம்போடு பக்கத்தில் வந்து மூச்சு விடுகிறது. அது போதுமாக இருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவை தாமாகவே கிழக்கே நகர்ந்தன. கடைசி முதுகு மறைந்த பிறகும் யாரும் இன்ஜினைப் போடச் சொல்லவில்லை. திரும்பும்போது மனைவி நடுப்பலகையில் உட்காரவில்லை. முன்னால் போய், படகின் மூக்கில் உட்கார்ந்துகொண்டாள். முகத்துவாரத்தின் அலையில் படகு தூக்கிப் போட்டபோது இரண்டு கையையும் விட்டுவிட்டு, "ஹோ!" என்றாள். கரையில் கால் வைத்ததும் பாய்க்குப் பசி வந்துவிட்டது. படகின் நிழலில் ஐந்தாறு கருவேலங்குச்சிகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து, நாலு பேரும் அந்தப் பிரியாணியை மிச்சமில்லாமல் தின்றோம்.

அடுத்த நாள் நான் வேலையிலிருந்து வந்தபோது எங்கள் வீட்டில் மாடிப் பெண்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். மனைவி எழுந்து நின்று, கையை வளைத்து, குட்டி எப்படி வயிறு தட்டி விழுந்தது என்று நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். கட்டிலில் தைக்க வேண்டிய சீருடைகள் அப்படியே கிடந்தன.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு எனக்கு டியூட்டி. அன்றைக்கு அவள் தன் தங்கையையும், பக்கத்து வீட்டு, எதிர் வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு, அதே படகுக்காரரிடம் தானே போனில் பேசிப் போய்வந்துவிட்டாள். என்னிடம் முந்தின நாள் சாயங்காலம்தான் சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள்.

திரும்பி வந்தபோது அவள் மூக்கு வெயிலில் கறுத்திருந்தது. போனில் வீடியோ எடுத்திருந்தாள். அதில் ஓங்கில் ஒன்றும் இல்லை. வானம் வருகிறது, யாரோ ஒருத்தியின் ஆரஞ்சு அங்கி வருகிறது, தண்ணீர் சரிகிறது, மறுபடியும் வானம். முழுக்க நான்கு பெண்களின் குரல்தான். "அங்க பாரு!", "எங்கடி?", "இங்கடி, உன் காலாண்ட!" அப்புறம் ஒரே கூச்சல். எல்லாவற்றுக்கும் மேலே என் மனைவியின் சிரிப்பு. மகளுக்கு அனுப்பினாள். எனக்கும் அனுப்பினாள். ஷிப்ட் மாறுகிற நேரத்தில், கிரேனிலிருந்து இறங்கும் லிப்டில், அதை நான் பல தடவை போட்டுப் பார்த்திருக்கிறேன்.