இஸ்திரிப் பெட்டியும் என் பி.எட். சான்றிதழும்

இரண்டு வருடங்களுக்கு முன், மே மாத வெயில் மண்டையைப் பிளந்த ஒரு காலையில், தாம்பரம் ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்த ஏஜென்சி ஆபீசில் நானும் என் கணவரும் உட்கார்ந்திருந்தோம். ஏ.சி. பெயருக்கு ஓடிக்கொண்டிருந்தது. புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அதெல்லாம் எனக்கு உறைக்கவே இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

நான் பள்ளியில் கணக்கு எடுக்கிறவள். வளைகுடா நாட்டுப் பள்ளி ஒன்றில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. இன்டர்வியூ, மாதிரி வகுப்பு எல்லாம் கம்ப்யூட்டர் வழியாகவே முடிந்து, ஆஃபர் லெட்டரும் வந்துவிட்டது. என் கணவர் வேலை பார்த்த உதிரிபாகக் கம்பெனியை மூடி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஏறி இறங்காத இடம் இல்லை. ஐம்பதை நெருங்குகிறவரை யார் வேலைக்கு எடுப்பார்கள்? பீர்க்கன்கரணையில் நாங்கள் வாங்கிய ஃப்ளாட்டின் தவணைக்கே என் சம்பளம் போய்விடும். மகள் வேறு பிளஸ் டூ போகப்போகிறாள். இந்த வேலை கைகூடினால் வீடு தங்கும், இல்லாவிட்டால் வீட்டை விற்றுவிட்டு மறுபடியும் வாடகைக்குப் போக வேண்டும். அந்த நிலைமையில்தான் இருந்தோம்.

நம்பிக்கை என்றால் அப்படி ஒரு நம்பிக்கை. பள்ளியில் ராஜினாமா கொடுத்துவிட்டேன். பெட்டிகூட வாங்கியாகிவிட்டது. பாக்கி இருந்தது ஒன்றுதான். என் எம்.எஸ்சி., பி.எட். சான்றிதழ்களை நோட்டரியில் ஆரம்பித்து தலைமைச் செயலகம், டெல்லி, தூதரகம் என்று ஒவ்வொரு இடமாகக் காட்டி சீல் வாங்க வேண்டும். பள்ளி திறப்பதற்குள் அது முடிந்தால்தான் விசா.

என் கணவர் பையிலிருந்து ஃபைலை எடுத்து, மேஜையில் ஈரம் இருக்கிறதா என்று கையால் துடைத்துப் பார்த்துவிட்டு, சான்றிதழ்களை எடுத்து வைத்தார். ஏஜென்சிக்காரர் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். முகம் மாறிவிட்டது.

"இன்னா மேடம், லேமினேட் பண்ணி வெச்சிருக்கீங்க?"

"ஏன் சார், பத்திரமா இருக்கணும்னுதான்."

"பேஜாராச்சே மேடம். ஒரிஜினலுக்குப் பின்னாடிதான் சீல் குத்துவாங்க. பிளாஸ்டிக் மேல எவனும் குத்த மாட்டான்."

பக்கத்தில் இருந்த கணவரைத் திரும்பிப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. ஏனென்றால் அதை லேமினேட் செய்தவர் அவர்தான்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. சென்னையை மூழ்கடித்த அந்தப் பெரிய வெள்ளம் வந்தபோது முடிச்சூர் பக்கம் தரைத்தளத்தில் குடியிருந்தோம். விடிவதற்குள் கட்டில் மூழ்கிவிட்டது. டிவி, ஃபிரிட்ஜ், பாத்திரம், மகளின் பள்ளிக்கூடப் புத்தகம் எதுவும் மிஞ்சவில்லை. மகளைத் தோளில் உட்கார வைத்து, என் சான்றிதழ் ஃபைலை அவள் கையில் கொடுத்து, "பாப்பா, கீழ போட்டுடாதடா" என்று சொல்லிக்கொண்டே மார்பளவுத் தண்ணீரில் நடந்தார் இந்த மனுஷன். தன் சர்வீஸ் பேப்பர்களை எடுக்க அவருக்குத் தோன்றவில்லை. தண்ணீர் வடிந்து கரண்ட் வந்ததும் முதல் வேலையாகக் கடைக்கு ஓடி, என் சான்றிதழ் ஒவ்வொன்றையும் லேமினேட் செய்து கொண்டுவந்தார். "இனிமே இதுக்கு ஒண்ணும் ஆகாது" என்று அவர் சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஸ்டாஃப் ரூமில் கொண்டுபோய்க் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு இன்னும் சிலரும் லேமினேட் செய்துகொண்டார்கள். அவர்களெல்லாம் இப்போது என்ன செய்கிறார்களோ, தெய்வமே.

பல்கலைக்கழகத்தில் டூப்ளிகேட் கேட்கலாம், ஆனால் மாதக்கணக்கில் ஆகும் என்றார் ஏஜென்சிக்காரர். அதற்குள் பள்ளியே திறந்துவிடும்.

"பிரிச்சு எடுக்க முடியாதா சார்?" என்று என் கணவர் கேட்டார்.

"சில பேரு அயர்ன் பாக்ஸ் வெச்சு எடுத்துடறாங்க சார். வந்தா உங்க லக்கு. கேரண்டி கிடையாது."

லேமினேட் கடை கடையாக ஏறினோம். யாரும் தொட மாட்டேன் என்றுவிட்டார்கள். அடுத்தவன் டிகிரியில் கை வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்? காலனி வாட்ஸப் குரூப்பில் கேட்டது அதைவிடத் தப்பு. ஃபிரீசரில் வை என்றார் ஒருவர், ஹேர் டிரையர் பிடி என்றார் இன்னொருவர். கும்பிடுகிற கை படத்தை மட்டும் ஒரு மாமா அனுப்பினார். அவரையாவது மன்னிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு என் கணவர் மேஜையில் போர்வையை மடித்து விரித்து, இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினார். காற்றில் காகிதம் பறக்கக் கூடாது என்று மகள் ஃபேனை நிறுத்தினாள். முதலில் அவளுடைய பழைய பஸ் பாஸை வைத்துச் சோதித்துப் பார்த்தார். மெல்லிய துணி போட்டு, சூட்டைக் குறைத்து, ஒரு ஓரமாகத் தேய்த்துத் தூக்கினார். பிளாஸ்டிக் அழகாகக் கழன்று வந்தது. மகள் கை தட்டினாள். நான் சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

பிறகு பி.எட். சான்றிதழை வைத்தார்.

பின்பக்கம் சுத்தமாக வந்தது. "வந்துடுச்சும்மா, வந்துடுச்சு" என்றார். வேர்வை சொட்டிவிடப் போகிறது என்று மகள் துண்டால் அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். திருப்பிப் போட்டு முன்பக்கத்தில் ஆரம்பித்தார். ஓரம் வந்தது, மேல் வரி வந்தது. கீழே வரும்போது சர்ரென்று ஒரு சத்தம். துணைவேந்தர் கையெழுத்தும் பல்கலைக்கழக முத்திரையும் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து உரிந்து வந்துவிட்டன. காகிதத்தில் அந்த இடம் வெறும் பஞ்சாக இருந்தது.

அவர் அந்தப் பிளாஸ்டிக்கைத் திரும்பவும் அதே இடத்தில் பொருத்தி, விரலால் அழுத்திக்கொண்டே இருந்தார். எடுப்பார், பார்ப்பார், மறுபடியும் அழுத்துவார். "விடுங்க" என்றேன். கேட்கவில்லை. "என்னங்க, விடுங்கன்னு சொல்றேன்ல" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்து, மகள் முன்னால், குழந்தை மாதிரி அழுதார். வெள்ளத்தில் வீடே போனபோதுகூட அவர் அழுததில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கும் துக்கத்துக்கும் யாரை நோவது? அவரையா? அந்த வேலை போனதே என்று அழுவதா, இவர் இப்படி அழுகிறாரே என்று அழுவதா என்று தெரியாமல் நானும் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்ல ஒன்றும் இல்லை. அந்தப் பள்ளிக்குப் போன் செய்து கெஞ்சினேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். கொஞ்ச நாள் பொறுத்தார்கள், பிறகு வேறு ஒருவரை எடுத்துவிட்டதாக மெயில் அனுப்பினார்கள். நான் பழைய பள்ளிக்கே போய்த் தலை குனிந்து நின்றேன். சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் என் பிளஸ் டூ வகுப்புகளை வேறு ஒருவருக்குக் கொடுத்திருந்தார்கள். இன்றைக்கு நான் ஆறாம் வகுப்பு டீச்சர். ஃப்ளாட்டை விற்றாயிற்று, ஊரப்பாக்கத்தில் வாடகை வீடு. விண்ணப்பித்திருந்த டூப்ளிகேட் சான்றிதழ், எல்லாம் முடிந்த பிறகு தபாலில் வந்தது. பிரித்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

போன வருடம் மகளுக்குப் பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ் கொடுத்தார்கள். நல்ல மார்க். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அப்பா, இந்தாங்க, பீரோல வைங்க" என்று நீட்டினாள். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அம்மாகிட்ட குடும்மா. என் கைராசிதான் தெரியும்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மகள் நீட்டிய கையோடு அப்படியே நின்றாள். நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "பைத்தியம் மாதிரி பேசாதீங்க, வாங்குங்க" என்று அதட்டிப் பார்த்தேன். அவர் தூரத்தில் நின்றபடியே ஒவ்வொரு மார்க்காகப் படித்தார், தொடவில்லை. வெளிநாடு, ஃப்ளாட் எல்லாம் போனது போனதுதான், மனசு பழகிவிட்டது. ஆனால் எங்களைத் தண்ணீரிலிருந்து தூக்கி வந்த கையை அந்த மனுஷன் பெற்ற பெண்ணின் முன்னால் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாரே, அதற்கு எனக்கு இன்றுவரை மனசு ஆறவில்லை.