ஒத்த பல்பு வீடு

பழைய மின்விசிறியின் மோட்டார் சூடேறும்போது கிளம்பும் அந்தக் கருகல் வாடை மூக்கில் பட்டால், இத்தனை வயதுக்குப் பிறகும் எனக்கு முகம் சுருங்கிவிடுகிறது. சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் கூரை வீடுகள் மட்டுமே இருந்த எங்கள் தெருவில், எல்லாருக்கும் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த "ஒத்த பல்பு சர்வீஸ்"தான். மீட்டர் கிடையாது, ஒரு பல்பு எரியலாம், வேறெதையும் அந்த இணைப்பில் மாட்டக்கூடாது. அந்த விதியை யாரும் படித்ததில்லை என்றாலும், மின்வாரிய ஜீப் சத்தம் கேட்டதும் பல வீடுகளில் எதையோ அவசரமாகப் பிடுங்கி ஒளித்துவைப்பார்கள்.

அப்பாவுக்கு மின்கம்பம் நடும் கூலி வேலை. கல்வராயன் மலை ஊர்களுக்குக் கம்பி இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. லாரி ஏறாத இடங்களில் ஆட்களோடு ஆளாகக் கம்பத்தைத் தோளில் சுமந்து, வெள்ளிமலைப் பக்கமே தங்கி வேலை பார்த்துவிட்டு வருவார். "நாம நட்ட கம்பத்துலதான் அங்க லைட்டு எரியுது" என்று அவர் சொல்லும்போது குரலில் ஒரு மிடுக்கு ஏறும். பள்ளிக்கூடத்தில் நானும் அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அந்த வருடப் பங்குனி வெயிலில், கைக்குழந்தையாக இருந்த என் தங்கை உடம்பெல்லாம் வேர்க்குரு வெடித்துப் பகல் முழுக்க வீறிட்டு அழுதாள். அம்மா, தான் களையெடுக்கப் போகும் நிலத்துக்காரர் வீட்டில் சும்மா கிடந்த ஒரு டேபிள் ஃபேனைக் கேட்டு வாங்கிவந்து, பல்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்திலிருந்து ஒயர் இழுத்து ஓடவிட்டாள். குழந்தை தூங்கியது. ஒரு நண்பகலில் ஜீப் நேராக எங்கள் வாசலிலேயே வந்து நின்றது.

இறங்கிய அதிகாரி அதட்டவில்லை. "இதுல பல்பு மட்டும்தாம்மா போடணும்" என்றார். "கொயந்த வேத்துக்கினு கெடக்குதுங்க சார்" என்றாள் அம்மா. அவர் கம்பத்தைக் கைகாட்டினார். உடன் வந்த லைன்மேன் ஆரோக்கியம் அண்ணன், மலை வேலையில் அப்பாவோடு சோறு பகிர்ந்து தின்றவர். அன்று எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் கம்பத்தில் ஏறி இணைப்பைத் துண்டித்தார். தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. "கரண்டு திருட்டாம்" என்றது ஒரு குரல். மறுநாள் அந்தச் சொல் எனக்கு முன்பாகவே வகுப்பறைக்குள் போய் உட்கார்ந்திருந்தது.

மலையிலிருந்து திரும்பிய அப்பா, "கம்பம் நடுறவன் வூட்லயே திருட்டான்னு கேக்குறாங்களே" என்று சொல்லிவிட்டுப் படுத்தவர், அதன் பிறகு வேலைக்குக் கிளம்பவில்லை. வராதே என்று யாரும் சொல்லவில்லை. அவருக்குத்தான் போக முகமில்லை.

அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, எங்களையும் அழைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சியில் நடந்த மின் நுகர்வோர் குறைதீர் கூட்டத்துக்கு பஸ் ஏறினாள். மோட்டாருக்கு வோல்டேஜ் கம்மி என்று சொல்ல வந்த விவசாயிகளுக்கு நடுவே எங்கள் முறை வந்தது. அப்பா சுவரோரமாகவே நின்றுகொண்டார். அம்மா சொல்லி முடித்ததும் மேலதிகாரி, "இது திருட்டு இல்லம்மா, விதிமீறல். மீட்டர் வெச்சு இணைப்பு வாங்கிக்குங்க, ஃபேன் தாராளமா போடலாம்" என்றார்.

"திருட்டு இல்லீங்களா?"

"இல்லம்மா."

"அத எங்க தெருவுல வந்து ஒரு வார்த்த சொல்லுங்க சார். எனக்கு அது போதும்."

சிலர் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை, அப்படிச் சொல்ல விதியில் இடமில்லை என்று தணிந்த குரலில் சொன்னார். விதியை யார் போடுகிறார்கள் என்று அம்மா கேட்டாள். சென்னையில் ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது, அவர்கள் நடத்தும் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம் என்றார். சென்னை எங்களுக்கு வேறு தேசம்.

மீட்டர் வந்தது. அதை மாட்ட வந்த ஆரோக்கியம் அண்ணன் வாசலில் நின்று "அண்ணே" என்று கூப்பிட்டார். அப்பா வெளியே வரவில்லை. பிறகு அவர் கரும்பு வெட்டப் போனார், கம்பத்து வேலைக்குத் திரும்பவே இல்லை.

இன்று அந்தத் தெருவில் கூரை வீடு ஒன்றுகூட இல்லை. ஒத்த பல்பு சர்வீஸ் என்றால் என் மாணவர்களுக்குப் புரிவதில்லை. போன முறை கட்டண மாற்றத்துக்காக ஆணையம் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியபோது, சென்னைக்குப் போய், இணைப்பைத் துண்டிக்க வருகிறவர்கள் அது விதிமீறல்தான், திருட்டு இல்லை என்று அந்த வாசலிலேயே உரக்கச் சொல்ல வேண்டும் என்று பேசினேன். குறித்துக்கொண்டார்கள். அம்மா இப்போது உயிரோடு இல்லை, அப்பாவிடம்தான் வந்து சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"உன்ன ஒக்கார வெச்சாங்களாம்மா?"

"வெச்சாங்கப்பா."

"அன்னிக்குக் கள்ளக்குறிச்சியில எங்களுக்கும் நாற்காலி காட்டுனாங்க," என்றார். "எனக்குத்தான் ஒக்கார தோணல."