மாலையோடு ஒரு படம்

பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் மகன் விடுதிப் பள்ளியிலிருந்து காணாமல் போனபோது, நோட்டீஸை நானே எழுதித் தருகிறேன் என்றேன். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

நாமக்கல்லில் அச்சகத்துக் கணினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். உயரம், மச்சம், எங்கள் ஊர், குலம், என் மாமனார் பெயர் வரைக்கும். ஒன்றை விட்டாலும் அவன் கிடைக்காமல் போய்விடுவான் என்று பயம். படத்துக்கு, உறவில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக மாலை போட்டுச் சிரித்துக்கொண்டு நின்றதைக் கொடுத்தேன். அவன் சிரித்த படம் அதுதான் இருந்தது. சுற்றிலும் கறுப்புக் கட்டம் போட்டு அச்சடித்தார்கள்.

செவ்வாய்ப்பேட்டை மார்க்கெட்டில் மளிகை லோடு இறக்க வரும் லாரிக்காரர்களிடம் நானும் என் கணவரும் கொடுத்தோம். எல்லாரும் மரியாதையாக வாங்கினார்கள். படத்தைப் பார்த்து உச்சுக்கொட்டி, மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்கள். ஒரு டிரைவர் மட்டும் நின்று கேட்டார்.

"சின்னப் பையனுங்களே. எப்பங்க எடுத்தாங்க?"

படம் எப்போது எடுத்தது என்று கேட்கிறார் என நினைத்தேன். பிணம் எடுத்ததைக் கேட்கிறார் என்று என் கணவருக்குப் புரிந்துவிட்டது.

"உசுரோடதானுங்க இருக்கான். காணம்னு தேடறோம்."

டிரைவர் பதறிப்போனார். "தப்பா நெனச்சுக்காதீங்க. மாலையும் கறுப்புக் கட்டமும் பாத்தங்களா, எழவு நோட்டீஸுன்னு நெனச்சுட்டனுங்க. ஆரு உள்ள படிக்கறா?"

அங்கேயே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். கொடுத்ததை எல்லாம் திரும்ப வாங்கவும் முடியாது.

வேறு படம் தேடி என் கணவர் போனில் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தார். கடைசியில் பள்ளி அடையாள அட்டைக்கு எடுத்த படத்தில் விரல் நின்றது. உதடு இறுகி, கண் எங்கேயோ பார்த்தபடி இருந்தான்.

"இதப் போய் போடுவாங்களா? பாக்கவே முடியலீங்க" என்றேன்.

"இப்ப இப்பிடித்தான இருப்பான்" என்றார்.

இரண்டாவது நோட்டீஸில் அந்த முகத்தைப் பெரிதாகப் போட்டோம். மேலே சிவப்பில் 'காணவில்லை'. கீழே, லாரியில் உட்கார்ந்தபடியே படிக்கிற அளவில் போன் நம்பர். ஊரும் குலமும் மாமனார் பெயரும் போயின.

பைபாஸ் ஓட்டல் ஒன்றிலிருந்து ஒரு லாரி கிளீனர் போனில் கூப்பிட்டார். அங்கே இவன் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். நாங்கள் போனபோது அதே உதடு, அதே கண்.

இப்போது வீட்டிலிருந்தே பள்ளிக்குப் போய் வருகிறான். மேசைமேல் மிச்சமிருந்த நோட்டீஸை ஒரு நாள் எடுத்துப் பார்த்தான்.

"ஏம்மா, நல்ல போட்டோ ஒண்ணும் கெடைக்கலியா?"

"இதப் பாத்துத்தான் உன்னையக் கண்டுபிடிச்சாங்க சாமி."

நோட்டீஸை மடித்து மேசைமேலேயே திரும்ப வைத்தான்.

அவன் வெளியே கிளம்பும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லி ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன். எதற்கென்று அவனுக்குத் தெரியும். நின்று காட்டுகிறான். சிரிக்கச் சொல்லி நான் கேட்பதில்லை.