எட்டுப் பெட்டியிலும் ஓட்டை

உத்திரமேரூரில் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தார் அவர். வெற்றிலைச் சிவப்பேறிய உதடு. அளவு டேப்பைத் தொடமாட்டார், எதையும் சாண் போட்டுத்தான் அளப்பார்.

வீட்டில் நானே பிளைவுட் அறுத்து ஒரு ஸ்பீக்கர் பெட்டி செய்திருந்தேன். குட்டி ஆம்ப்ளிஃபையருக்கே தெருக்கோடிவரை கேட்கும். அதைப் பார்க்க வந்த அவர் கண்ணை மூடிக்கொண்டு பெட்டியைச் சாண் சாணாகத் தடவினார். பாசம் என்று நினைத்தேன்.

"இன்னா சவுண்டுப்பா! உன்னைக் கையெடுத்துக் கும்பிடணும்" என்றார். பூரித்துப்போனேன்.

அடுத்த மாதம் திருப்புலிவனம் திருவிழாவில் அவர் செட்டில் அதே மாதிரிப் பெட்டி எட்டு நின்றது. பக்கப் பலகையில் நான் தவறுதலாகப் போட்ட ஓட்டைகூட எட்டிலும் இருந்தது.

"இந்த ஓட்டை எதுக்குண்ணே?" என்றேன்.

"அதுலதாம்பா சூட்சுமமே கீது. யார்கிட்டயும் சொல்லிடாத" என்று என்னிடமே சொன்னார்.

என் பெட்டி ஓட்டையை அடைக்க இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை. பாவி மனுஷன்.