பதினொரு முட்டையும் பரிமளத்தின் பிடிவாதமும்

கொட்டகலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கொழுந்து பறிக்கிற பரிமளத்தை, போன வருடம் அவள் குடியிருக்கும் லயத்து வீட்டு வரிசையே பார்த்துச் சிரித்தது. அவளுடைய பெட்டைத் தாரா வாத்து நாற்பது நாள் அடைகாத்தும் ஒரு குஞ்சுகூட வரவில்லை. ஆண் தாரா இல்லாமல் இட்ட முட்டைகள் அவை. முட்டை இருந்தால் குஞ்சு வரும் என்று நினைத்ததுதான் அவள் தப்பு. அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை. கந்தப்பளை சந்தைக்குப் போய், மடியில் வைத்து பஸ்ஸிலேயே ஓர் ஆண் தாராவைக் கொண்டுவந்தாள்.

இந்த முறை பெட்டை ஏழு முட்டை இட்டிருந்தபோது, நாய்கள் ஆண் தாராவைக் கடித்துக் கொன்றுபோட்டன. அதற்குப் பிறகு வந்த நாலு முட்டையிலும் பரிமளம் கரியால் பெருக்கல் குறி போட்டுவைத்தாள்.

"அந்த நாலும் கூமுட்டைதான். பொரிச்சுத் தின்னுங்க அக்கா," என்றாள் பக்கத்து வீட்டு மீனம்மா.

"ஆம்பளத் தாரா செத்தாலும் ஒரு வாரத்துக்கு முட்டையில உயிர் புடிக்கும். சந்தையில தாரா வளக்குறவங்ககிட்ட நல்லா கேட்டுட்டுத்தான் வந்தேன்."

பெட்டை கூட்டைவிட்டு எழும்புவதை நிறுத்தியது. நெஞ்சுத் தூவலைப் பிடுங்கி முட்டைகளுக்கு மெத்தை போட்டது. கிட்டப் போனால் சீறியது. நாளுக்கு ஒருமுறை மட்டும் இறங்கி, தின்று, குளித்து, ஈர நெஞ்சோடு திரும்பி வந்து உட்கார்ந்தது.

"பச்சத் தண்ணியில நாலு முக்கு முக்கினா அடை தெளிஞ்சிரும். போன வருசம் பட்டது போதாதா?" என்றான் புருஷன் நாகலிங்கம்.

"அது மேல கை வச்சீங்கன்னா அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

அடைகாக்கத் தொடங்கிய எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நடுப்பகலில் பரிமளம் போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு, கைப்பேசி வெளிச்சத்தில் ஒவ்வொரு முட்டையாகப் பார்த்தாள். மீனம்மாவையும் உள்ளே இழுத்தாள். ஒன்பது முட்டைகளில் சிவப்பு நரம்புகள் சிலந்தி வலைபோல் ஓடின. அவற்றில் மூன்று, பெருக்கல் குறி போட்டவை. வெறுமனே தெளிந்து கிடந்த இரண்டை மட்டும் அவள் எடுத்துவிட்டாள்.

பத்தாம் நாள், தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா வந்தார். தண்ணீர்க் குழாயடி அசிங்கமாகிறதாம். வெள்ளிக்கிழமைக்குள் தாரா போய்விட வேண்டுமாம்.

"இன்னும் பதினெட்டு நாள் இருக்குங்க ஐயா. இப்ப நகத்துனா முட்டை குளுந்து செத்துரும்."

"லயத்துல தாராவுக்கெல்லாம் இடமில்ல."

"எங்களுக்கும் இந்த நாட்டுல இடமில்லன்னுதான் சொன்னாங்க. இருக்கோம்தானே?"

அவர் முகம் கறுத்தது. குனிந்து தானே கூட்டுக்குள் கையை விட்டார். தாரா அவர் மணிக்கட்டைக் கவ்வி முறுக்கியது. உதறிக்கொண்டு நிமிர்ந்தார்.

"நாளைக்கு பெரட்டுல பேசிக்கிறேன்," என்றார்.

மறுநாள் காலை, பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில், எல்லாப் பெண்களும் கூடை மாட்டி நிற்க, அவர் பேச்சை எடுக்குமுன் பரிமளமே முன்னால் வந்தாள். "குழாயடிய தினமும் நான் கழுவுறேன். குஞ்சு பொரிச்சதும் கூட்ட ஓடைப் பக்கம் மாத்துறேன். அது வரைக்கும் என் தாரா எழும்பாதுங்க. நானும் எழுப்ப மாட்டேன்." பெண்கள் வரிசையில் ஒருத்தியும் அசையவில்லை. கண்டாக்கு பெயர்ப் பட்டியலைப் புரட்டினார். தாராப் பேச்சை விட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

இருபத்தெட்டாம் நாளும் கூட்டில் அசைவில்லை. நாகலிங்கம் கூட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தான். அதுதான் அவளுக்கு எரிந்தது. மறுநாள் விடிந்தபோது ஓட்டுக்குள் தட்டும் சத்தம் கேட்டது. மாலைக்குள் ஏழு குஞ்சுகள். இரண்டு ஓட்டுக்குள்ளேயே செத்திருந்தன. அவற்றைத் தேயிலைச் செடியடியில் புதைத்துவிட்டு வந்து, கையைக் கழுவிக் குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைத்தாள்.

சொன்னபடி கூட்டை ஓடைப் பக்கம் மாற்றினாள். நாகலிங்கம்தான் தகரம் அடித்துக் கொடுத்தான். இரண்டு மாதம் கழித்து மீனம்மா ஒரு பெட்டைக் குஞ்சு கேட்டு வந்தாள்.

"கரகரன்னு கத்துனா ஆம்பள, சத்தமா கத்துனா பொட்ட," என்றாள் பரிமளம். "சத்தமா கத்துறதாப் பாத்து எடுத்துக்க."