முகம் விழாத படம்

என் மனைவியை அவளுக்குத் தெரியாமல் படம் எடுத்தேன். செய்த தப்பு அதுதான். செய்துவிட்டுப் பெருமையாக வேறு திரிந்தேன்.

யுத்த காலம். தேனியில் ஒரு பஞ்சுக் கிட்டங்கியில் குமாஸ்தாவாக இருந்தேன். மேகமலை எஸ்டேட்டை விட்டுச் சீமைக்குப் போன ஒரு துரையின் பெட்டிக் கேமரா, நாலு கை மாறி என்னிடம் வந்திருந்தது. ஃபிலிம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்ததால், கேமராவைத் துடைத்துத் துடைத்து வைப்பதே என் தொழிலாக இருந்தது. ஒரு சுருள் கிடைத்ததும் எனக்குக் கை நிற்கவில்லை. மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். முதல் பிள்ளை தங்கவில்லை என்பதால் எதற்கெடுத்தாலும் பயந்தாள்.

"பிள்ளத்தாச்சியப் படம் புடிச்சா ஆயுசு கொறையும்பாக. பெறந்தப்புறம் எடுங்க" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். நானும் தலையாட்டினேன்.

ஒருநாள் காலை கொல்லையில் நின்று உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். வெயில் அவளுக்குப் பின்னால் இருந்தது. முறத்திலிருந்து எழுந்த தூசி முழுக்க வெளிச்சம். வெயில் நம் முதுகுப் பக்கம் இருக்கவேண்டும் என்பது கேமரா பிடிக்கிற எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் சன்னல் வழியாக எடுத்துவிட்டேன். முறத்தின் சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

வளைகாப்பு முடிந்து அவளைக் கூடலூருக்கு, அவள் பிறந்த வீட்டுக்கு, அழைத்துப் போனார்கள். நான் சுருளைக் கடைவீதி ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்தேன். அந்த ஸ்டூடியோக்காரர் லேசில் யாரையும் பாராட்டமாட்டார். அவர் வாயால் 'பரவாயில்லை' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடவேண்டும் என்று எனக்கு ஆசை. ஒரு வாரம் பொறுத்துப் போனேன். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"முகமே விழலையே. பக்கவாட்டுல வேற நிக்கிறாக" என்றார். பிறகு குரலைத் தணித்துக் கேட்டார்: "அவுக எப்பத் தவறினாக?"

எனக்குப் புரியவில்லை.

"வேற படம் இல்லைன்னாத்தான் இந்த மாதிரி படத்தக் கொண்டு வருவாக. கவலப்படாதீக. கூடப்பொறந்தவுக யாராச்சும் இருந்தா அவுக சாடையப் பாத்து முகத்த நான் வரஞ்சு, பெருசாக்கித் தாறேன்."

அவரைக் குற்றம் சொல்லமுடியாது. வீட்டில் ஒருவர் செத்த பிறகுதான் எங்கள் பக்கத்துச் சனங்கள் படத்தைத் தேடுவார்கள். கல்யாணக் கும்பலில் ஓரமாக நின்றதையோ, தேரோட்டத்தில் பாதி மறைந்ததையோ எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடுவார்கள். என் படமும் அப்படித்தான் இருந்தது. உயிரோடு இருக்கிறாள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. படத்தைப் பிடுங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய பஸ் அது. சின்னமனூருக்கு வருவதற்குள் இரண்டு தடவை நின்றது. கிளீனர் இறங்கிக் கரியைக் கிளறும்போதெல்லாம் நானும் கூடவே இறங்கி அவசரப்படுத்தினேன். ஸ்டூடியோக்காரர் கேட்டதைச் சகுனமாகத்தான் எடுத்துக்கொண்டேன். அவள் சொன்ன வார்த்தையை மீறினேன், பலனை அனுபவிக்கப்போகிறேன் என்று வழி முழுக்க என்னையே திட்டினேன். எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை இல்லை என்று நண்பர்களிடம் அளந்ததெல்லாம் உத்தமபாளையம் தாண்டுவதற்குள் போன இடம் தெரியவில்லை.

பொழுது சாய்கிற நேரம் கூடலூர் வீட்டை நெருங்கினால், வாசலில் பத்துப் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். என் கால் அங்கேயே நின்றுவிட்டது. பிறகுதான் புளி உடைக்கிற சத்தம் காதில் விழுந்தது.

"என்ன மாப்பிள்ள, ஒரு தாக்கல்கூட சொல்லி விடாம வந்து நிக்கிறீக?" என்று அத்தை எழுந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, வாயில் புளியோடு என் மனைவி. எனக்கு அழுகை வந்தது. பஸ்ஸின் கரிப்புகையில் கண் எரிகிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

உள்ளே போனதும் அவளிடம் படத்தைக் கொடுத்து ஒப்புக்கொண்டேன். அவளுக்கு முகம் சிவந்தது. படத்தை அப்படியும் இப்படியும் திருப்பினாள்.

"வேண்டாம்னு சொல்லியும் எடுத்திருக்கீக. அதுலயும் மூஞ்சி கரியாக் கெடக்கு." பிறகு விரலால் படத்தில் வயிற்றைத் தொட்டாள். "இது மட்டும் நல்லா விழுந்திருக்கு. ஸ்டூடியோக்காரரு என்ன சொன்னாரு?"

"முகம் தெரியலை, திரும்ப எடுக்கணும்னார்."

"பெறந்ததும் அவருகிட்டயே போவோம். நீங்க எடுத்துக் கிழிச்சது போதும்."

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. தபால்காரரைக் கண்டாலே தெருவுக்கு ஓடுவேன். பெண் பிறந்தது, தாயும் பிள்ளையும் சுகம் என்று கார்டு வந்த அன்றுதான், பூட்டி வைத்திருந்த கேமராவை வெளியே எடுத்தேன்.

பிள்ளைக்கு மூன்றாம் மாதம் அந்த ஸ்டூடியோவுக்குப் போனோம். அவள் நெற்றியில் பெரிய பொட்டு, மடியில் பிள்ளை. நான் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். ஸ்டூடியோக்காரர் கறுப்புத் துணியிலிருந்து தலையை எடுத்து என்னைப் பார்த்தார். யார் என்று தெரிந்துகொண்டார். அவளைப் பார்த்தார். அவள் பிள்ளையைச் சரியாகப் பிடிக்க, அந்தப் படத்தில் போலவே பக்கவாட்டில் திரும்பியதும் அவர் முகம் மாறியது. மறுபடி துணிக்குள் தலையை விட்டவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

"என்ன இம்புட்டு நேரம்? முகம் தெரியலையா?" என்று அவள் கேட்டாள்.

"தெரியுதும்மா" என்றார் உள்ளேயிருந்து. "நல்லாத் தெரியுது."